அப்பாவோட அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட கதை

1/
போன வாரம் நான் போட்ட ஒரு போட்டோவுல, பின்னாடி ஓரமா நின்ன வெள்ளை அம்பாசிடரைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "டாக்டர், இது இன்னும் ஓடுதா?", "பாயிண்ட் செட்டா, எலக்ட்ரானிக்கா?", "எங்க தாத்தா வண்டி ஷெட்டுல கிடக்கு, கிட் போட்டா ஸ்டார்ட் ஆகுமா?" தனித்தனியா பதில் சொல்ல முடியல. அதான் இந்த நீண்ட இழை. வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற இடத்துல இன்னிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பத்தி எழுதறேன். ஆனா இதுவும் ஒரு வகையில சிறுநீரகம் பத்தின பதிவுதான். பொறுமையா படிங்க.

2/
முதல்ல வண்டி. 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையா வச்சு, மேற்கு வங்கத்துல உத்தர்பாராவுல 1950-களோட கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் தயாரான வண்டி. எஞ்சின் பி.எம்.சி. பி சீரீஸ். அப்பா இதை ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர்கிட்ட இருந்து 1994-ல வாங்கினார். என் பத்தாம் வகுப்பு பரிட்சைக்குப் போனது, அக்கா கல்யாணத்துக்கு மாலை கட்டிப் போனது, எல்லாமே இதுலதான்.

3/
இப்ப அம்மா. சர்க்கரை நோயால சிறுநீரகம் செயலிழந்து மூணாவது வருஷம். வாரத்துல மூணு நாள், திங்கள், புதன், வெள்ளி, ஹீமோடயாலிசிஸ். எங்க ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெக்க. டயாலிசிஸ் தஞ்சாவூர்ல. ஒரு வழி 32 கிலோமீட்டர். காலையில 6 மணி ஷிஃப்ட். அப்பாதான் ஓட்டறார், வயசு 71. நான் வேலை பார்க்கறது மதுரையில. மாசத்துல ரெண்டு தடவை ஊருக்குப் போறதே பெரிய விஷயம்.

4/
"வாடகைக் கார் வச்சுக்கலாமே"னு கேப்பீங்க. வச்சுப் பார்த்தோம். விடியக்காலை 4:45-க்கு எங்க கிராமத்துக்கு வாரத்துல மூணு நாள் தவறாம வர ஆள் கிடைக்கல. ரெண்டாவது காரணம் அம்மாவோட உடம்பு. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது பிரஷர் இறங்கி தலை சுத்தும். அம்பாசிடரோட பின் சீட் சோஃபா மாதிரி, காலை மடக்கிப் படுத்துக்கலாம். சீட் உயரமா இருக்கறதால மூட்டுவலி உள்ளவங்க குனியாம ஏறி உக்காரலாம். அம்மா சொல்றது: "மத்த காருல ஏறினா கிணத்துல இறங்கற மாதிரி இருக்குடா."

5/
டயாலிசிஸ் வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும், நேரம்ங்கறது அங்க மருந்து. நாலு மணி நேர டயாலிசிஸ்ல அரை மணி, ஒரு மணி குறைஞ்சாலும் அன்னிக்கு எடுக்க வேண்டிய தண்ணியும் கழிவும் முழுசா வெளிய போகாது. முழுசா தவறிட்டா உடம்புல தண்ணி தேங்கி மூச்சுத்திணறல் வரும். ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தாறுமாறாகும். சனி, ஞாயிறு ரெண்டு நாள் இடைவெளி விழுதுல்ல, அதனால திங்கட்கிழமை டயாலிசிஸ்தான் எல்லாத்துலயும் முக்கியம். எங்க வீட்டுல திங்கட்கிழமை காலையில அம்பாசிடர் ஸ்டார்ட் ஆகறது ஒரு மருத்துவ விஷயம்.

6/
ரெண்டு வருஷம் முன்னாடி, கார்த்திகை மாசம் அடைமழை. திங்கட்கிழமை. வண்டி ஒரத்தநாடு தாண்டினதும் மிஸ்ஸிங் அடிச்சு, ரெண்டு தடவை குலுங்கி நின்னுபோச்சு. அப்பா குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, செல்போன் வெளிச்சத்துல கேப்பைக் கழட்டி, பாயிண்டை எமரி பேப்பர் போட்டுத் தேச்சு, துணியால துடைச்சு, மறுபடி ஓட வைக்க 40 நிமிஷம் ஆச்சு. அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் காத்திருந்ததால அம்மாவுக்கு அன்னிக்கு மூணு மணி நேரம்தான் கிடைச்சது. புதன்கிழமை போகும்போது கால் ரெண்டும் வீங்கியிருந்தது. அம்மா போன்ல சொன்னது இது மட்டும்தான்: "வண்டி நின்னதுல எனக்கு பயம் இல்லப்பா. அவரு நனைஞ்சாரு பாரு, அதுதான்."

7/
சரி, அந்தப் பாயிண்ட்னா என்ன? பழைய வண்டி தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பேட்டரியில இருக்கறது 12 வோல்ட். பிளக்கு முனையில நெருப்புப்பொறி பறக்க 15,000, 20,000 வோல்ட் வேணும். இதை உண்டாக்கறது காயில். காயிலுக்குள்ள கொஞ்ச சுத்துல ஒரு தடிமனான கம்பி, ஆயிரக்கணக்கான சுத்துல ஒரு மெல்லிசான கம்பி. முதல் கம்பியில கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் உருவாகும். அந்தக் கரண்டைப் பட்டுனு நிறுத்தினா காந்தப்புலம் சரியும். அந்த நொடியில ரெண்டாவது கம்பியில ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும்.

8/
அந்தப் "பட்டுனு நிறுத்தற" வேலைக்காரன்தான் சி.பி. பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற குட்டி சுவிட்ச். நடுத்தண்டுல நாலு மூலை உள்ள ஒரு கேம் சுத்தும். ஒவ்வொரு மூலையும் பாயிண்டைத் தள்ளித் திறக்கும். திறந்தா ஸ்பார்க். மேல இருக்கற ரோட்டர் அந்த ஸ்பார்க்கை 1-3-4-2 வரிசையில நாலு பிளக்குக்கும் பங்கு வைக்கும். பக்கத்துலயே ஒரு சின்ன டப்பி, கண்டென்சர். பாயிண்ட் திறக்கற நேரத்துல அங்கேயே பொறி பறந்து கருகிடாம பார்த்துக்கறதும், கரண்ட் சுத்தமா நிக்க உதவறதும் அதோட வேலை.

9/
1910 வாக்கில கேடிலாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த முறை இது. காருக்கு செல்ஃப் மோட்டார் கொண்டுவந்ததும் அவர்தான். அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல உலகத்துல பெரும்பாலான பெட்ரோல் கார் இந்தக் குட்டி சுவிட்சை நம்பித்தான் ஓடிச்சு. மட்டமான முறைன்னு நினைக்காதீங்க. ஒரு கணக்கு சொல்றேன். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க் கொடுக்கணும். 2,500 ஆர்.பி.எம்.னா நிமிஷத்துக்கு 5,000. ஒரு மணி நேரத்துக்கு 3 லட்சம். நம்ம இதயம் ஓய்வுல 72 வீதம் துடிச்சா மணிக்கு 4,320. அப்படின்னா அந்தப் பாயிண்ட் எவ்வளவு உழைக்குதுன்னு பாருங்க.

10/
உழைக்கறது தேயும். பாயிண்ட் ரெண்டு வகையில தேயும். ஒண்ணு, ஒரு முகத்துல இருந்து உலோகம் பேர்ந்து எதிர் முகத்துல ஒட்டும். ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு. ரெண்டு, கேம் மேல உரசற ஃபைபர் குதிகால் தேஞ்சு, பாயிண்ட் திறக்கற இடைவெளி சுருங்கும். இந்த எஞ்சினுக்கு இடைவெளி 14-லேர்ந்து 16 தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு. சுமார் 0.38 மில்லிமீட்டர். அது சுருங்கினா பாயிண்ட் லேட்டா திறக்கும், டைமிங் பின்தங்கும், புல்லிங் குறையும், காலையில செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

11/
எங்க வண்டி டயாலிசிஸுக்கு மட்டுமே வருஷத்துக்கு ஓடறது: 64 × 3 × 52. கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டர். பாயிண்டை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது பார்த்து இடைவெளி வைக்கணும். ஆக, இது ஓய்வெடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடற கிளாசிக் கார் இல்ல. வேலை செய்யற வண்டி.

12/
அந்த மழை நாளுக்கு அப்புறம் நான் ஊருக்குப் போனதும் அப்பாகிட்ட எலக்ட்ரானிக் இக்னிஷன் பேச்சை எடுத்தேன். பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துட்டு, கேம் மேல நாலு காந்தம் பதிச்ச ஒரு வளையம் மாட்டுவாங்க. பக்கத்துல ஒரு ஹால் சென்சார். 1879-ல எட்வின் ஹால் கண்டுபிடிச்ச விளைவு. காந்தம் கிட்ட வரும்போது சென்சார் உணரும், டிரான்சிஸ்டர் கரண்டை நிறுத்தும். எதுவும் எதையும் தொடாது, அதனால தேயாது. 1973-ல அமெரிக்காவுல கிரைஸ்லர் தன் கார்கள் எல்லாத்துலயும் பாயிண்டைக் கைவிட்டு எலக்ட்ரானிக்குக்கு மாறிடுச்சு. நாம ஒண்ணும் அவசரப்படலப்பான்னு சொன்னேன்.

13/
அப்பா ஒத்துக்கல. அவர் சொன்ன காரணம் பழமைப் பிடிவாதம் இல்ல. "தம்பி, பாயிண்ட் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகும். காலையில ரெண்டு செல்ஃப் கூட எடுக்கும், மேடு ஏறும்போது இருமும். ஒரு வாரம் டயம் கொடுக்கும். நீ சொல்ற பொட்டி போனா சொல்லாம போயிடும். ரோட்டுல நின்னா எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கவும் முடியாது. உங்கம்மா பின்னாடி படுத்திருக்கும்போது நான் என்ன பண்றது?"

14/
மருத்துவத்துல இருக்கறவங்களுக்கு இந்த வாதம் புதுசில்ல. மெதுவா கெடற உறுப்பு நமக்கு அவகாசம் கொடுக்கும். திடீர்னு நிக்கற உறுப்பு கொடுக்காது. பேஸ்மேக்கர் கண்டுபிடிச்சவங்களும் இதை யோசிச்சதாலதான் அதோட பேட்டரி தீரப் போகுதுன்னு மாசக்கணக்கா முன்னாடியே பரிசோதனையில காட்டற மாதிரி வச்சிருக்காங்க. கார் கிட்டுல அந்த வசதி கிடையாது. அப்பா சொன்னது நூத்துக்கு நூறு சரி.

15/
அதனால கிட்டை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பாய்கிட்ட போனோம். இருபது வருஷமா இந்த வண்டியைப் பார்க்கற மெக்கானிக். அவர் கிட்டைப் பத்திப் பேசவே இல்ல. "மொதல்ல நோய் என்னான்னு பாப்போம் டாக்டரே, மாத்திரை அப்புறம்"னார். எனக்கே பாடம் எடுத்தாரு. இக்னிஷனை ஆன் பண்ணி, பாயிண்ட் மூடின நிலையில, மீட்டரை காயில் பிளஸ்ல வச்சார். பேட்டரியில 12.4 இருக்கு. காயிலுக்கு வந்து சேர்றது 10.1. ரெண்டு வோல்ட்டுக்கு மேல வழியிலேயே காணோம்.

16/
செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும். அதுல இந்த ரெண்டும் போனா காயிலுக்கு மிஞ்சறது எவ்வளவு? ஸ்பார்க் பலவீனமாத்தான் இருக்கும். காரணம், சாவி சுவிட்சுக்குள்ள தேஞ்ச காண்டாக்ட், பச்சை பூத்த ரெண்டு லக். அப்புறம் கேப்பை வெயில்ல பிடிச்சுக் காட்டினார். உள்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஈரம் ஏறினா ஸ்பார்க் பிளக்குக்குப் போகாம அந்தக் கோடு வழியா எர்த்துக்கு ஓடிடும். மழையில நின்னதுக்குப் பாதி காரணம் அதுதான்.

17/
அதோட விடல. ரோட்டர் தண்டைப் பிடிச்சு அப்படி இப்படி ஆட்டினார், புஷ் தேஞ்சிருக்கான்னு. ஆட்டம் இருந்தா நாலு சிலிண்டருக்கும் நாலு விதமா டைமிங் விழும். எங்க வண்டியில ஆட்டம் இல்ல. வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழட்டி வாயால உறிஞ்சி, உள்ள பிளேட் நகருதான்னு பார்த்தார். நகர்ந்தது. கீழ இருக்கற அட்வான்ஸ் வெயிட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில இருக்கற எர்த் பட்டையைச் சுரண்டி இறுக்கினார். புது கேப், புது ரோட்டர், புது ஹெச்.டி. ஒயர், சாவி சுவிட்ச். பிளக்கு இடைவெளி 25 தௌ.

18/
இந்த வேலை முடிஞ்சதும் பழைய பாயிண்டோடயே வண்டி ஒரே செல்ஃப்ல கிளம்பிச்சு. இதை இங்க அழுத்திச் சொல்றேன். எலக்ட்ரானிக் கிட் கேப்புல இருக்கற விரிசலைச் சரி பண்ணாது. தேஞ்ச புஷ்ஷை, கிழிஞ்ச வேக்குவம் டயஃப்ரத்தை, துருப்பிடிச்ச எர்த்தைச் சரி பண்ணாது. குதிரைத்திறன் கூடாது. மைலேஜ் இரட்டிப்பாகாது. அது செய்யறது ஒண்ணே ஒண்ணு: தேயற ஒரு சுவிட்சை எடுத்துட்டு தேயாத சுவிட்சை வைக்கும். இன்பாக்ஸ்ல ஷெட்டு வண்டி பத்திக் கேட்டவருக்கு இதுதான் பதில்.

19/
அப்படின்னா கிட் தேவையே இல்லையா? நானும் அன்னிக்கு அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை. அப்பா பானட்டைத் திறந்து பாயிண்ட் இடைவெளி வச்சுக்கிட்டிருந்தார். கண்ணாடியை நெத்தியில ஏத்தி, இறக்கி, டார்ச்சை மாத்தி மாத்திப் பிடிச்சு. ஃபீலர் கேஜ் நுனி பாயிண்டுக்குள்ள போகாம பக்கத்துல தட்டிக்கிட்டே இருந்தது. பாயிண்டைப் பிடிக்கற அந்தச் சின்ன ஸ்குரு கையிலேர்ந்து நழுவி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள விழுந்தது. அதைக் காந்தத்தால எடுக்க கால் மணி நேரம். எடுத்ததும் மறுபடி விழுந்தது.

20/
அவர் என்னைப் பார்க்கல. நான் திண்ணையில இருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். ஓய்வா இருக்கும்போது கை ஆடாது, நுணுக்கமான வேலை செய்யும்போது ஆடும். எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்லுவோம். வயசானவங்கள்ல நிறைய பேருக்கு உண்டு. பார்க்கின்சன் இல்ல, பயப்பட ஒண்ணும் இல்ல. அப்புறமா பரிசோதனை பண்ணினோம். ஸ்டீரிங் பிடிக்க ஒரு சிக்கலும் இல்ல. தூரப் பார்வை, ராத்திரி பார்வை ரெண்டும் கண் டாக்டர் பார்த்து நல்லா இருக்குன்னார். ஆனா 15 தௌ இடைவெளியை டார்ச் வெளிச்சத்துல வைக்கற கையும் கிட்டப் பார்வையும் இனி அவருக்குத் திரும்ப வராது.

21/
அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டேன். "எவ்வளவு நாளாப்பா கை இப்படி இருக்கு?" கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்"னார். அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சது. "பாயிண்ட் போனா நான் பார்த்துப்பேன்"ங்கற வாக்கியத்துல இதுவரைக்கும் நான் பாயிண்டை மட்டும்தான் யோசிச்சேன். "நான்" மாறிக்கிட்டிருக்கார். அம்மாவோட வைத்தியம் அப்பாவோட ரெண்டு விரல் மேல நின்னுக்கிட்டிருந்தது. அந்த விரலுக்கு மாத்து வைக்கணும். கிட் அதுக்குத்தான்.

22/
ஆனா அப்பாவோட கேள்வி அப்படியே நிக்குதே, சொல்லாம போனா என்ன பண்றது? பாய்தான் வழி சொன்னார். "ஐயா, ரெண்டு டிஸ்ட்ரிபியூட்டர் வச்சுக்குங்க." சென்னை புதுப்பேட்டையில இருந்து ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வரவழைச்சார். அதைப் பிரிச்சுக் கழுவி, புஷ் மாத்தி, புது பாயிண்டு, புது கண்டென்சர் போட்டு, இடைவெளி வச்சு, வண்டியில மாட்டி டைமிங் லைட் அடிச்சு செட் பண்ணினார். அதோட கிளாம்ப் பிளேட்டையும் சேர்த்தே இறுக்கி, அப்படியே கழட்டி டப்பாவுல போட்டு டிக்கியில வச்சார். ஒரிஜினல் டிஸ்ட்ரிபியூட்டர்ல கிட்டை மாட்டினார்.

23/
இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. இந்த பி சீரீஸ் எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டரோட அடிப்பக்கக் கொக்கி நடுமையத்துல இருக்காது, கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். அதனால ஒரே ஒரு விதமாத்தான் உள்ள உக்காரும், தப்பா மாட்டவே முடியாது. கிளாம்ப் பிளேட் ஏற்கெனவே இறுக்கி இருக்கறதால டைமிங்கும் தானா வந்துரும். ரெண்டு போல்ட், ஒரு ஒயர், வேக்குவம் குழாய், கேப்போட ரெண்டு கிளிப். அவ்வளவுதான். இது ஸ்பேனர் பிடிக்கற கைக்கான வேலை. அப்பாவால கண்ணை மூடிக்கிட்டு செய்ய முடியும். ஃபீலர் கேஜ் வேலை வீட்டுல பாய் முன்கூட்டியே செஞ்சுட்டார்.

24/
கிட் போடறவங்க கவனிக்க வேண்டியது சில. காயிலோட ரெசிஸ்டன்ஸை அளந்துட்டுத்தான் போடணும். எங்களோடது 3 ஓம், 12-ஐ 3-ஆல வகுத்தா 4 ஆம்பியர், சாதாரண கிட் தாங்கும். பல்லாஸ்ட் ரெசிஸ்டரோட சேர்த்துப் போட வேண்டிய 1.5 ஓம் காயிலை நேரா கொடுத்தா 8 ஆம்பியர் ஓடி கிட்டே கருகிடும். கிட்டுக்கு முழு 12 வோல்ட் லைன் வேணும். பேட்டரியை மாத்தி மாட்டினா ஒரு நொடியில போயிடும். பழைய பிரிட்டிஷ் வண்டி சிலதுல பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதுக்குத் தனி கிட். வண்டியில வெல்டிங் வேலை நடந்தா முதல்ல பேட்டரியைக் கழட்டுங்க.

25/
இன்னொண்ணு. எஞ்சின் ஓடாம சாவியை ஆன்லயே விடக்கூடாது. காயில் சூடாகும், கிட்டும் போகும். அப்பாவுக்கு நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியில உக்காந்து பாட்டு கேக்கற பழக்கம். சாவி ஆன்ல இருந்தாத்தான் ரேடியோ பாடும். இதைப் பாய் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். ரேடியோவுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேரா ஒரு ஃபியூஸ் போட்ட லைன் இழுத்துக் கொடுத்துட்டார். ஒரு நோயாளிகிட்ட "மாத்திரையை எப்போ சாப்பிடுவீங்க?"னு மட்டும் கேக்காம "காலையில எந்திரிச்சு என்னென்ன பண்ணுவீங்க?"னு கேக்கற டாக்டர் மாதிரி.

26/
போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. காலையில ஒரே செல்ஃப். ஐடில் சீரா நிக்குது. ஒரே ஒரு தடவை, போன புரட்டாசியில, வெள்ளிக்கிழமை விடியக்காலை, வண்டி சொல்லாம கொள்ளாம நின்னுபோச்சு. அப்பா நினைச்ச மாதிரியே. அவர் பதறல. டிக்கியைத் திறந்தார், டப்பாவை எடுத்தார், டிஸ்ட்ரிபியூட்டரை மாத்தினார். 15 நிமிஷம். செல்ஃப் அடிச்சார். அப்பவும் ஸ்பார்க் இல்ல!

27/
அப்பத்தான் அவருக்குத் தெரிஞ்சது, கிட் மேல தப்பில்லன்னு. ரெண்டு டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே நேரத்துல கெட வாய்ப்பில்ல. அப்ப கோளாறு வேற எங்கேயோ. காயில் பக்கம் கையை விட்டார். பிளஸ் ஒயரோட லக் குலுங்கிக் குலுங்கிக் கழண்டு தொங்கிச்சு. இறுக்கினார், கிளம்பிட்டாங்க. 6:10-க்கு அம்மா டயாலிசிஸ் நாற்காலியில. முழு நாலு மணி நேரம். மருத்துவத்துல இதை விலக்கிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லுவோம். மாத்து வைக்கறதுல இருக்கற இன்னொரு லாபம் இது.

28/
மத்தியானம் போன் பண்ணினார். "அந்தப் பொட்டி நல்ல பொட்டிதான் தம்பி. திரும்ப அதையே மாட்டிட்டேன்"னார். பின்னாடி அம்மா குரல்: "நான் தூங்கியே போயிட்டேன், வண்டி நின்னதே எனக்குத் தெரியாது."

29/
பழைய வண்டிக்கு இக்னிஷன் மாத்த நினைக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். முதல்ல கோளாறைக் கண்டுபிடிங்க: வோல்ட்டேஜ், எர்த், கேப், புஷ், அட்வான்ஸ். அப்புறம் கிட். கிட் போட்டாலும் பழைய பாயிண்ட் செட்டைத் தூக்கிப் போடாதீங்க, செட் பண்ணி டிக்கியில வச்சுக்குங்க. எல்லாத்துக்கும் மேல, நடுரோட்டுல நின்னா அதைச் சரி பண்ணப் போற கை யாரோடதுன்னு பாருங்க. இருபது வயசுக்காரருக்குப் பாயிண்டே போதும், நல்லாவும் கத்துக்கலாம். எழுபது வயசுக்காரருக்குக் கணக்கு வேற.

30/
டயாலிசிஸ் போறவங்க வீட்டுக்கு ரெண்டு வார்த்தை. வண்டி நின்னா கூப்பிட ஒரு பக்கத்து வீட்டு நம்பர், ஒரு ஆட்டோ நம்பர், டயாலிசிஸ் யூனிட் நம்பர், மூணையும் டேஷ்போர்டுல எழுதி ஒட்டி வையுங்க. எங்க வண்டியில ஒட்டியிருக்கு. மூச்சுத்திணறல் இருந்தா, படுக்க முடியலன்னா, சொந்த வண்டியைக் காத்திருக்காதீங்க, 108. அப்புறம், கூட்டிட்டுப் போறவங்களையும் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதிங்க. கண், கை, பிரஷர், தூக்கம். நோயாளியோட ஃபைல்ல அவங்களுக்குப் பக்கம் கிடையாது. நாமதான் பார்க்கணும்.

கிட், காயில் பத்தி சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், மிச்சத்தைப் பாய்கிட்ட கேட்டுச் சொல்றேன்.